பாதியில் நிறுத்திய பதில்

கேள்வியைக் கேட்டது யார் என்று கண்டுபிடிப்பதில் தலைமையாசிரியர் மாதவராஜ் காட்டிய வேகத்தில் கால்வாசியையாவது, அந்தக் கேள்வியில் என்ன இருந்தது என்று யோசிப்பதில் காட்டியிருக்கலாம். காட்டவில்லை.

காரிமங்கலத்திலிருந்து உள்ளே போகிற ரோட்டில், மாந்தோப்புகளைத் தாண்டி இருக்கிறது அந்த மேல்நிலைப்பள்ளி. பதினோராம் வகுப்புக்குப் புதன்கிழமை மதியம் கம்ப்யூட்டர் அறையில் ஆன்லைன் வகுப்பு நடக்கும். சென்னையிலிருந்து ஒரு பெண் டாக்டர் திரையில் வருவார், நான்கு பள்ளிகள் ஒரே நேரத்தில் பார்க்கும். வளர்கிற வயதில் உடம்பில் வரும் மாற்றம், மாதவிலக்கு, கர்ப்பம், யாராவது தொல்லை கொடுத்தால் எங்கே போய்ச் சொல்வது என்று வாரத்துக்கு ஒன்றாகப் பேசுவார். கூச்சப்படுகிற பிள்ளைகள் பெயர் போடாமல் கேள்வியைத் தட்டி அனுப்பலாம். டாக்டர் அதை வாசித்துப் பதில் சொல்வார். இந்த வகுப்பைப் பள்ளிக்குக் கொண்டுவர அலைந்தவர் உயிரியல் ஆசிரியை நிர்மலா. பையன்களும் பெண்களும் ஒரே அறையில் உட்கார்ந்துதான் கேட்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவரும் அவர்தான்.

அன்றைக்கு வந்த கேள்வி இது:

"எனக்கு பதினாறு வயசு முடிஞ்சிடுச்சி. இன்னும் வயசுக்கு வரல. ஆனா மாசாமாசம் அடிவயிறு உயிர் போற மாதிரி வலிக்குது. சில நாள்ல தானா சரியாயிடுது. இப்ப கொஞ்ச நாளா வயிறு வீங்கி கல்லு மாதிரி இருக்கு. ஒண்ணுக்குப் போறதுக்கும் கஷ்டமா இருக்கு. இது என்னா நோவு?"

டாக்டர் வாசித்து முடித்ததும் முகம் மாறியது. கேமராவுக்குக் கொஞ்சம் பக்கத்தில் வந்தார்.

"இதைக் கேட்டது யாரா இருந்தாலும் நல்லா கவனிம்மா. நீ பயப்பட வேண்டியதில்ல. ஆனா தள்ளிப்போடவும் கூடாது. சில பெண்களுக்குப் பிறக்கும்போதே பிறப்புறுப்போட வாசலை ஒரு மெல்லிய சவ்வு மூடியிருக்கும். மாதவிலக்கு உள்ள வந்துகிட்டேதான் இருக்கும். வெளிய வர்றதுக்கு வழி இருக்காது. அது உள்ளேயே தேங்கித் தேங்கி..."

அதற்குள் பின்னால் நின்றிருந்த மாதவராஜ் விறுவிறுவென்று வந்து ப்ரொஜெக்டரை அணைத்தார். ஸ்பீக்கரில் குரல் மட்டும் தொடர்ந்தது. அந்த ஒயரையும் பிடுங்கினார்.

"சார், முக்கியமான விஷயம் சொல்லிட்டிருக்காங்க," என்றார் நிர்மலா.

"என்னா டீச்சர் முக்கியம்? வயசுப் பசங்க உக்காந்திருக்கிற எடத்துல வாசலு, வழின்னு... கேக்கவே காது கூசுது. எழுந்திரிங்கடா எல்லாரும்."

பையன்கள் சிரித்தார்கள். அதுவரை யாரும் சிரிக்கவில்லை, வாயை மூடிக்கொண்டு கவனமாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தலைமையாசிரியரே வந்து இது சிரிக்க வேண்டிய விஷயம் என்று காட்டிக்கொடுத்த பிறகுதான் சிரிப்பு வந்தது.

மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த கலைச்செல்வி, இருண்டு போன திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தேங்கித் தேங்கி என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

மறுநாள் காலை வணக்கக் கூட்டத்தில் மாதவராஜ் மைக்கைப் பிடித்தார். "நேத்து ஒரு கேவலமான கேள்வி நம்ம ஸ்கூல்லருந்து போயிருக்கு. நாலு ஸ்கூல் பாத்திருக்கு. கேட்டது யாருன்னு மரியாதையா வந்து சொல்லிடணும்." யாரும் போகவில்லை. மதியத்துக்குள் எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து கேள்வி போனது, அதில் யார் உட்கார்ந்திருந்தது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். பெயர் போட வேண்டாம் என்று பிள்ளைகளுக்குக் கொடுத்த வாக்கு ஒருநாள்கூடத் தாங்கவில்லை.

நிர்மலா அவருடைய அறைக்கு ஓடினார். "சார், அந்தப் பொண்ணு ஆஸ்பத்திரிக்குப் போகணும். ஒடனே போகணும். அவங்க அம்மாகிட்ட நான் பேசறேன்."

"நீங்க உங்க பாடத்தைப் பாருங்க டீச்சர். வூட்டு ஆளுங்ககிட்ட நான் பேசிக்கிறேன். அந்த ஆன்லைன் வகுப்பும் இனிமே கெடையாது."

கலைச்செல்வியின் அப்பா முத்துராஜ் பெங்களூரில் கட்டடங்களுக்குச் சென்ட்ரிங் போடும் வேலை செய்கிறான். பள்ளியில் சேர்க்கும்போது கொடுத்திருந்த போன் நம்பர் அவனுடைய அண்ணன் குப்புராஜுடையது. அம்மாவைக் கூப்பிட வேண்டும் என்று மாதவராஜுக்குத் தோன்றவில்லை. குப்புராஜ் வந்து எதிரே உட்கார்ந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"வயிறு வீங்குதுன்னு எழுதியிருக்குதுங்க உங்க பொண்ணு. நான் எதுவும் சொல்லல. நீங்களே புரிஞ்சிக்கோங்க. விஷயம் ஊருக்குள்ள போறதுக்கு முன்னாடி பாத்துக்கிறது நல்லது."

எதுவும் சொல்லாமலேயே எல்லாவற்றையும் சொல்லி அனுப்பிவிட்டார்.

மாதம்மாள் தக்காளி பறித்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது வாசலில் செருப்புகள் கிடந்தன. உள்ளே குப்புராஜும் அவன் மனைவியும் நின்றிருந்தார்கள். கலைச்செல்வி சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தது. அப்பா வாங்கிக் கொடுத்த செல்போன் தரையில் மூன்று துண்டாகக் கிடந்தது.

"என்னாச்சிங்க மாமா?"

"என்னாச்சின்னு உம்பொண்ணைக் கேளு. வயித்துல வாங்கிட்டு வந்து ஸ்கூலு பூரா தமுக்கடிச்சிருக்கா. யாருடின்னு கேட்டா வாயைத் தொறக்க மாட்டேங்கிறா."

மாதம்மாளையும் மீறி அவள் கண் மகளுடைய வயிற்றுக்குப் போனது. சீருடையின் துப்பட்டாவுக்குக் கீழே மேடாகத்தான் இருந்தது. கலைச்செல்வி அதைப் பார்த்துவிட்டாள்.

"நீயுமாம்மா?" என்றாள்.

அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. மாதம்மாள் மகளை எழுப்பி உள்ளறைக்குக் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினாள். வெளியே குப்புராஜ் கத்திக்கொண்டிருந்தான்.

"சொல்லு பாப்பா. என்னாவா இருந்தாலும் சொல்லு."

"ஒண்ணும் இல்லம்மா. சாமி சத்தியமா யாரும் என்னைத் தொடல. எனக்கு வலிக்குதுன்னுதான் கேட்டேன். டாக்டரம்மா பதில் சொல்லிட்டிருந்தாங்க. வழி மூடியிருக்கும், உள்ளேயே தேங்கும்னாங்க. பாதியிலயே சார் நிறுத்திட்டாரு."

மகள் சொல்லச் சொல்ல, கடந்த இரண்டு வருடமாகச் செய்ததெல்லாம் மாதம்மாளுக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. வலி வரும் போதெல்லாம் சூட்டு வலி என்று வெந்தயத்தை ஊறவைத்துக் கொடுத்தாள். மருந்துக் கடையில் கேட்டு மாத்திரை வாங்கினாள். கூடப் படித்த பிள்ளைகளெல்லாம் வயசுக்கு வந்துவிட்டார்கள், இவள் மட்டும் வரவில்லையே என்று உளுந்தங்களி கிண்டினாள், நல்லெண்ணெய் குடிக்க வைத்தாள், கோயிலுக்கு வேண்டிக்கொண்டாள். பார்க்கிறவர்களெல்லாம் "இன்னும் ஒக்காரலையா?" என்று கேட்டார்கள். கேட்ட ஒருத்தியும் "ஆஸ்பத்திரில காட்டு" என்று சொல்லவில்லை. கிளினிக்கில் ஊசி போட்ட டாக்டர்கூட வயிற்றைத் தொட்டுப் பார்க்கவில்லை. "வயசுப் பொண்ணுங்களுக்கு அப்படித்தான் இருக்கும்" என்று அனுப்பிவிட்டார்.

அவள் கதவைத் திறந்து வெளியே வந்தாள். "நாளைக்குக் காலையில தர்மபுரி பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேங்க."

"ஆஸ்பத்திரிக்கா? ஊரே பாக்கறதுக்கா?" குப்புராஜ் சிரித்தான். "எனக்குத் தெரிஞ்ச ஒரு அம்மா கிருஷ்ணகிரி பக்கம் இருக்காங்க. ஒருத்தருக்கும் தெரியாம முடிச்சிக் குடுப்பாங்க. நாளைக்குச் சாயந்திரம் கார் கொண்டாரேன். அதுவரைக்கும் ரெண்டு பேரும் வூட்டை விட்டு நகரக் கூடாது."

என்ன முடித்துக் கொடுப்பார்கள் என்று மாதம்மாளுக்குப் புரிந்தது. வயிற்றில் எதுவுமே இல்லாத பிள்ளையின் வயிற்றைக் கிளறப் போகிறார்கள். அவர்கள் போனதும் புருஷனுக்குப் போன் போட்டாள். அண்ணன் முந்திக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லியிருந்தான். "அண்ணன் சொல்றதைக் கேளு. நான் ரெண்டு நாள்ல வரேன்," என்று முத்துராஜ் வைத்துவிட்டான்.

விடிந்தபோது கலைச்செல்வியால் சிறுநீர் கழிக்க முடியவில்லை. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தும், பாத்ரூமுக்குப் போய்ப் போய் உட்கார்ந்தும் ஒரு சொட்டு வரவில்லை. வலியில் பாயைப் பற்களால் கடித்தாள். வெற்றுடம்பாகப் பார்த்தபோதுதான் மாதம்மாளுக்குத் தெரிந்தது, வயிறு தொப்புள் வரைக்கும் உருண்டு நின்றது.

அந்த நேரத்தில்தான் நிர்மலா டீச்சரின் ஸ்கூட்டி வந்து நின்றது. முதல்நாளே வந்திருப்பார். வீடு தெரியவில்லை. பள்ளியில் யாரும் சொல்லவுமில்லை. ஊருக்குள் விசாரித்துக் கண்டுபிடித்து வந்திருந்தார்.

"கலை அம்மா, அந்த டாக்டருக்கு நானே போன் போட்டுக் கேட்டுட்டேன்," என்றார் வந்ததும் வராததுமாக. "அவங்க சொல்ல வந்ததை முழுசா சொல்றேன். இது கர்ப்பம் இல்ல, தப்பும் இல்ல. மாசாமாசம் வர்ற ரத்தம் வெளிய வர வழியில்லாம உள்ளயே சேர்ந்திருக்கும். சேரச் சேர மூத்திரப் பையை அமுக்கும். சின்ன ஆபரேஷன்ல சரியாயிடும். ஆனா இப்பவே போகணும்."

மாதம்மாள் தெருமுனைக்கு ஓடி, வீரமணியின் ஆட்டோவைக் கூட்டி வந்தாள். மகளைத் தூக்கி உட்கார வைக்கும்போது குப்புராஜ் எதிரே வந்து நின்றான். தெருவில் நான்கைந்து பேர் கூடிவிட்டார்கள்.

"சொன்னது காதுல விழலியா? எறங்கு கீழ."

"நகருங்க மாமா."

"எங்க குடும்ப மானம்..."

"எம்பொண்ணு ஒண்ணுக்குப் போக முடியாம செத்துட்டிருக்கா. நீங்க மானத்தைப் பேசறீங்களா?" இத்தனை வருடத்தில் அவனுக்கு எதிரே அவள் குரலை உயர்த்தியதில்லை. தெருவே கேட்கும்படிச் சொன்னாள். "வீரமணி, வண்டியை எடு. நகரலன்னா ஏத்திட்டுப் போ."

வீரமணி ஹாரனை அழுத்தினான். குப்புராஜ் நகர்ந்தான்.

பெரியாஸ்பத்திரியில் முதலில் குழாய் வைத்துச் சிறுநீரை வெளியேற்றினார்கள். கலைச்செல்வி நீளமாக மூச்சுவிட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு ஸ்கேன். மகப்பேறு வார்டில் இருந்த இளம் டாக்டரம்மா படத்தைத் திருப்பிக் காட்டி, கலைச்செல்வியிடமே விளக்கினார்.

"இது கர்ப்பப்பை. இங்க கறுப்பா தெரியுது பாரு, இவ்வளவும் தேங்கின ரத்தம். நீ வயசுக்கு வந்து ரொம்ப நாளாச்சும்மா. யாருக்கும் தெரியல, அவ்வளவுதான். நாளைக்குக் காலையில மயக்க மருந்து குடுத்து அந்தச் சவ்வைத் திறந்துவிடுவோம். வலி போயிடும். பின்னாடி குழந்தை பெத்துக்கறதுக்குப் பெரும்பாலும் ஒரு பிரச்சனையும் இருக்காது."

"எப்ப இருந்து வலி?" என்று கேட்டுவிட்டு, "ஒன்பதாவதுல இருந்து" என்று கலைச்செல்வி சொன்னதும், டாக்டர் மாதம்மாளைப் பார்த்தார். கோபமா வருத்தமா என்று தெரியாத பார்வை. "ஒரே ஒருத்தர், ஒரே ஒரு தடவை, துணியை விலக்கிப் பாத்திருந்தா போதும்மா. ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும்."

மாதம்மாள் ஆபரேஷனுக்கான படிவத்தைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் புருஷனுக்குப் போன் செய்தாள். முத்துராஜ் எல்லாவற்றையும் கேட்டான். பிறகு, "அது வந்து... அதை அறுத்துட்டா, நாளைக்குக் கட்டிக்கிறவன் ஏதாச்சும் கேக்க மாட்டானா?" என்றான்.

வார்டில் சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். மாதம்மாள் எதையும் பார்க்கவில்லை.

"யோவ், எவனோ நாளைக்கு வரப் போறவனுக்காக எம்பொண்ணு இன்னிக்குச் சாவணுமா? நீ அப்பன்தானா? வலிக்குதான்னு ஒரு வார்த்தை கேட்டியா? போனை அவகிட்டக் குடுக்கறேன், கேளு."

போனை மகளின் காதில் வைத்தாள். மறுமுனையில் என்ன கேட்டதோ, கலைச்செல்வி, "ஆமாப்பா... ரொம்ப வலிச்சிதுப்பா," என்று சொல்லிவிட்டு அழுதாள். சாயந்திரமே முத்துராஜ் பஸ் ஏறிவிட்டான். காலையில் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். மகள் அவனிடம் பேசினாள். மாதம்மாள் பேசவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தேங்கியிருந்ததை அளந்து டாக்டர் சொன்னபோது நர்ஸ்கூட உச்சுக்கொட்டினாள். மறுநாள் கலைச்செல்வி இட்லி கேட்டாள். வயிறு தட்டையாகியிருந்தது. படுக்கையில் சாய்ந்தபடி, கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"ம்மா, நான் கேட்டது தப்பாம்மா? பிரேயர்ல கேவலமான கேள்வின்னு சொன்னாரு."

"நீ கேட்டது தப்பில்ல. கேட்டதாலதான் பொழைச்சே."

"அப்ப அவரு ஏன் அப்படிச் சொன்னாரு?"

அதை அவரிடமே கேட்டுவிடுவது என்று மாதம்மாள் முடிவு செய்தாள்.

கேட்பதற்கான சந்தர்ப்பத்தை மாதவராஜே உண்டாக்கிக் கொடுத்தார். நிர்மலா மாவட்டக் கல்வி அலுவலகத்தில் புகார் கொடுத்திருந்தார். அதற்குப் பதிலடியாகப் பெற்றோர் கூட்டத்தைக் கூட்டி, இந்த வகுப்பு வேண்டாம் என்று பெற்றோர்களே தீர்மானம் போட்டதாகக் காட்ட நினைத்தார். கிளம்பும் முன் மாதம்மாள் மகளிடம் கேட்டாள். "உன்னைப் பத்திப் பேச வேண்டியிருக்கும் பாப்பா. பேசட்டுமா, வேணாமா? வேணாம்னா பேச மாட்டேன்."

கலைச்செல்வி யோசித்தாள். "அவங்க பேசினதைவிட மோசமாவா நீ பேசப் போற? பேசும்மா."

கூட்டத்தில் ஆண்கள் நாற்காலிகளிலும் பெண்கள் ஜமுக்காளத்திலும் உட்கார்ந்திருந்தார்கள். குப்புராஜ் முன்வரிசையில் இருந்தான். மாதவராஜ் பண்பாடு, கலாசாரம் என்று வெகுநேரம் பேசிவிட்டு, "பிள்ளைங்க மனசு கெட்டுப் போகக் கூடாதுன்னுதான் இந்த முடிவு. எல்லாரும் கை தூக்கிட்டீங்கன்னா எழுதிடலாம்," என்றார்.

மாதம்மாள் எழுந்தாள்.

"சார், நான் கலைச்செல்வியோட அம்மா."

"உக்காருங்கம்மா, அப்புறம் தனியா பேசிக்கலாம்."

"தனியா எங்க மாமாகிட்டப் பேசினீங்க. அது போதும். இப்ப எல்லாருக்கும் முன்னாடி பேசலாம். எம்பொண்ணு வலிக்குதுன்னு கேட்டா. அந்த டாக்டரம்மா என்னா நோவுன்னு சொல்லிட்டிருந்தாங்க. அன்னிக்கு நீங்க சுவிட்சை அணைக்காம இருந்திருந்தா, சாயந்திரமே அவ வந்து என்கிட்டச் சொல்லியிருப்பா. நானே கூட்டிட்டுப் போயிருப்பேன். நீங்க என்னா பண்ணீங்க? யாரு கேட்டதுன்னு தேடினீங்க. என்னா கேட்டான்னு நெனைச்சிப் பாத்தீங்களா?"

"நான் உங்க குடும்பத்து நல்லதுக்குத்தான்மா..."

"வயிறு வீங்கியிருக்கு, புரிஞ்சிக்கோங்கன்னு சொல்லி அனுப்பினீங்களே, அது எந்த நல்லதுக்குங்க? அதைக் கேட்டுட்டு வந்து எம்பொண்ணை அறைஞ்சாங்க. கள்ளத்தனமா எவகிட்டயோ கொண்டுட்டுப் போகப் பாத்தாங்க. போயிருந்தா எம்பொண்ணு பொணமாத்தான் திரும்பியிருப்பா. அப்ப நீங்க ஸ்கூலுக்கு லீவு வுட்டுட்டு மாலை கொண்டாந்து போட்டிருப்பீங்க."

மாதவராஜ் கர்ச்சீப்பை எடுத்தார். "ஒரு பொண்ணோட அந்தரங்கத்தை இத்தினி பேருக்கு முன்னாடி நீங்களே போட்டு ஒடைக்கிறீங்களேம்மா."

"அவகிட்டக் கேட்டுட்டுத்தான் வந்தேன். பேரு போடாம கேக்கலாம்னு சொல்லிட்டு, தேடிப் புடிச்சிப் பேரைச் சொன்னீங்களே, நீங்க யாரைக் கேட்டீங்க?"

நாற்காலியில் இருந்த வீரன் என்பவர் தயக்கத்தோடு எழுந்தார். பள்ளியை ஒட்டிய நிலத்துக்காரர், அவர் மகனும் அதே வகுப்பு. "அதெல்லாம் சரிதாம்மா. பொம்பளைப் புள்ளைங்களுக்கு வேணா தனியா வெச்சிச் சொல்லட்டும். பசங்களுக்கு எதுக்கு இது?"

"பசங்களுக்குத்தாங்க மொதல்ல வேணும். இது என்னான்னு தெரியாமயே வளந்தா, நாளைக்கு எங்க மாமா மாதிரித்தான் வந்து நிப்பாங்க." மாதம்மாள் முன்வரிசையைப் பார்த்தே சொன்னாள். "எம்புருஷன் மாதிரி நிப்பாங்க. நெறைஞ்ச வயிறுன்னா ஒண்ணே ஒண்ணுதான் அவங்களுக்குத் தெரியுது."

குப்புராஜ் எழுந்து வெளியே போனான்.

மாதவராஜ் கை தூக்கச் சொன்னார். நாற்காலிகளில் சில கைகள் உயர்ந்தன. வீரனுடைய கை பாதி தூக்கி, இறங்கிவிட்டது. ஜமுக்காளத்தில் ஒரு கைகூட உயரவில்லை. ஓரத்தில் இருந்த ஒரு பெண் மட்டும் உட்கார்ந்தபடியே, "எம்பொண்ணுக்கும் மாசாமாசம் வாந்தி எடுக்குற அளவுக்கு வலிக்குதுங்க. அந்த வகுப்புல அதையும் கேக்கலாமுங்களா?" என்றாள். பதில் சொல்ல வேண்டியவர் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். நிர்மலா எழுந்து, "கேக்கலாம். கண்டிப்பா கேக்கலாம்," என்றார்.

தீர்மானம் எழுதப்படவில்லை. சில வாரம் கழித்து மேலிடத்திலிருந்து வகுப்பைத் தொடரச் சொல்லி உத்தரவு வந்தது. பையன்களும் பெண்களும் முன்போலவே சேர்ந்து உட்கார்ந்தார்கள். ஆனால் விளக்கம் கேட்டு மெமோ வந்தது நிர்மலாவுக்குத்தான், தலைமையாசிரியரைத் தாண்டிப் புகார் கொடுத்தார் என்று. மாதவராஜுக்கு ஒன்றும் வரவில்லை. அவர் கலைச்செல்வியிடம் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. வராந்தாவில் அவள் எதிரே வந்தால் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார்.

குப்புராஜ் வீட்டுக்கு வந்தான். மன்னிப்புக் கேட்க வரவில்லை. மனைவியோடு, ஒரு தட்டில் பூவும் பழமும் வைத்துக்கொண்டு வந்தான்.

"நடந்தது நடந்துபோச்சி," என்றான். "டாக்டரே சொல்லிட்டாங்க இல்ல, புள்ள பெரியவளாயிட்டான்னு. தாய்மாமனைக் கூப்பிட்டு, மண்டபம் புடிச்சி, நல்லா பெருசா சீர் பண்ணிடலாம். காரிமங்கலம் பஸ் ஸ்டாண்டுலருந்து ஊரு வரைக்கும் பிளெக்ஸ் வெப்போம். நம்ம பொண்ணு மேல தப்பில்லன்னு ஊருக்குத் தெரியணும் இல்ல?"

ஊருக்கு வந்திருந்த முத்துராஜ் மனைவியின் முகத்தைப் பார்த்தான். முன்பு என்றால் அண்ணன் சொன்னதுமே தலையாட்டியிருப்பான்.

மாதம்மாள் வாயைத் திறப்பதற்குள் கலைச்செல்வி உள்ளேயிருந்து வந்துவிட்டாள்.

"பெரியப்பா, என்மேல தப்பிருக்குன்னு ஊருக்குள்ள யாரு சொன்னது? நீங்கதானே சொன்னீங்க? நீங்களே போய் ஒவ்வொரு வூட்டுலயும் இல்லன்னு சொல்லிட்டு வாங்க. அதுக்கு எதுக்கு எம்போட்டோவைப் போட்டு பிளெக்ஸு?"

"பெரியவங்ககிட்டப் பேசற பேச்சா இது?" என்றாள் பெரியம்மா.

"அக்கா, அவ சரியாத்தான் பேசறா," என்றாள் மாதம்மாள். "ரத்தம் உள்ளயே தேங்கிச் சாகக் கெடந்தப்ப ஊருக்குத் தெரியக் கூடாதுன்னீங்க. இப்ப மேளம் வெச்சிச் சொல்லணுமா? சீரும் வேணாம், ஒண்ணும் வேணாம். தட்டை எடுத்துட்டுப் போங்க."

குப்புராஜ் தம்பியைப் பார்த்தான். "நீ என்னாடா சொல்ற?"

"போனை ஒடைச்சிட்டியேண்ணா," என்றான் முத்துராஜ். "அவ படிக்கிறது அதுலதான். அவ கன்னத்துல அடிச்சதுக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டாவது போ."

குப்புராஜ் சொல்லவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை.

மறுபடி காட்டுவதற்காக டாக்டர் வரச் சொன்ன நாளில், தாயும் மகளும் தர்மபுரி பஸ்ஸில் போனார்கள். நல்ல கூட்டம். பக்கத்து சீட்டில் ஒரு நடுவயதுப் பெண் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கலைச்செல்வியின் கையிலிருந்த ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்துவிட்டு, மாதம்மாளின் பக்கம் சாய்ந்து, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு கேட்டாள்.

"பொண்ணுக்கு என்னாங்க ஒடம்புக்கு? எதாச்சும்... பொம்பளைங்க சமாச்சாரமா?"

மாதம்மாள் மகளைப் பார்த்தாள். கலைச்செல்வி ஜன்னல் பக்கமிருந்து திரும்பி, ம் என்று தலையசைத்தாள்.

"ஆமாங்க," என்றாள் மாதம்மாள். குரலைத் தாழ்த்தவில்லை. "மாசவிலக்கு ரத்தம் வெளிய வர வழியில்லாம உள்ளயே தேங்கிடுச்சி. பொறக்கும்போதே சவ்வு மூடியிருந்திருக்கு. ஆபரேஷன் பண்ணித் தொறந்துட்டாங்க. இப்ப நல்லா இருக்கா."

முன் சீட்டிலிருந்த இரண்டு ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் முகத்தைச் சுளித்தார். கூடைக்காரி சங்கடமாக நெளிந்து, "மெதுவாச் சொல்லுங்க, ஆம்பளைங்க இருக்காங்க," என்றாள்.

"இருக்கட்டுங்க. அவங்களுக்கும் வூட்ல பொண்ணுங்க இருக்கும்," என்று சொல்லிவிட்டு மாதம்மாள் முதலிலிருந்து, இன்னும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லத் தொடங்கினாள்.